முப்பது ஆண்டு ஆராய்ச்சியும் ஐந்து சொட்டு மருந்தும்: இந்திய உயிரியல் தொழில்நுட்பத் திணைக்களம் தரும் பாடம்

ஓர் அரச ஆராய்ச்சித் திணைக்களத்தின் பெறுபேற்றை எதனைக் கொண்டு அளவிடுவது என்ற கேள்வி, ஆண்டறிக்கைகள் வெளியாகும் வேளைகளில் எழுந்து பின்னர் மறக்கப்பட்டு விடுகின்றது. எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகின, எத்தனை காப்புரிமைகள் பெறப்பட்டன, எத்தனை மாணவர்கள் கலாநிதிப் பட்டம் பெற்றனர் என்பன அட்டவணைகளில் இடம்பெறுகின்றன. இந்த எண்ணிக்கைகள் தேவையற்றவை அல்ல. ஆனால், மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் ஒரு திணைக்களம் அம்மக்களுள் மிகவும் வறியவரின் வீட்டு வாசல் வரை எதனைக் கொண்டு சேர்த்தது என்ற கேள்விக்கு அந்த அட்டவணைகளில் விடை கிடைப்பதில்லை.

அந்த விடையைத் தேடுவதற்கு இந்திய மத்திய அரசாங்கத்தின் உயிரியல் தொழில்நுட்பத் திணைக்களம் தகுந்ததோர் உதாரணமாகும். 1982ஆம் ஆண்டு ஒரு தேசிய சபையாக ஆரம்பிக்கப்பட்ட இந்த அமைப்பு, 1986ஆம் ஆண்டு விஞ்ஞான, தொழில்நுட்ப அமைச்சின் கீழ் தனியானதொரு திணைக்களமாக உயர்த்தப்பட்டது. உயிரியல் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு தனித் திணைக்களம் உலகின் பல நாடுகளில் அக்காலத்தில் இருக்கவில்லை. புதுடில்லியிலுள்ள தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவகம், புனேயிலுள்ள தேசிய உயிரணு விஞ்ஞான நிலையம், ஹைதராபாத்திலுள்ள மரபணுக் கைரேகை ஆய்வு நிலையம், திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி நிலையம் எனப் பல நிறுவனங்கள் அதன் கீழ் வந்தன. பல்கலைக்கழகங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அது ஆராய்ச்சி நிதி வழங்கி வருகின்றது.

இந்நிறுவனங்களிலிருந்து வெளிவந்தவை ஏராளம். அவற்றுள் ஒன்றே ஒன்றினை மட்டும் எடுத்து அதன் வரலாற்றை முழுமையாக நோக்குவோமாயின், அரச ஆராய்ச்சி எவ்வாறு பயன் தருகின்றது, எங்கே தடுமாறுகின்றது என்ற இரண்டையும் விளங்கிக்கொள்ளலாம். குழந்தைகளின் வயிற்றோட்ட நோய்க்கான 'ரொட்டாவெக்' என்ற வாய்வழித் தடுப்பு மருந்தே அதுவாகும். ஒரு வேளைக்கு ஐந்து சொட்டு மருந்து. அதன் பின்னால் இருப்பதோ முப்பது ஆண்டு கால உழைப்பு.

ஏழை, செல்வந்தர் என்ற பேதம் அறியாத கிருமி

ரொட்டா வைரஸ் 1973ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் ரூத் பிஷப் தலைமையிலான குழுவினரால் கண்டறியப்பட்டது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் சக்கரத்தைப் போன்று தென்பட்டதால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. ஐந்து வயதை அடைவதற்கு முன்னர் உலகின் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் இக்கிருமி ஒரு தடவையாவது தொற்றுகின்றது. வாந்தி, காய்ச்சல், நீர் போன்ற வயிற்றோட்டம் என்பனவே அதன் அறிகுறிகள்.

கொலரா, நெருப்புக் காய்ச்சல் முதலான நோய்களிலிருந்து இது ஒரு விடயத்தில் வேறுபடுகின்றது. சுத்தமான குடிநீரும் மலசலகூட வசதியும் கிடைத்தவுடன் அந்நோய்கள் பெருமளவு குறைந்து விடுகின்றன. ரொட்டா வைரஸோ வசதிமிக்க நாடுகளின் குழந்தைகளையும் விட்டுவைப்பதில்லை. எனினும் தொற்றில் இல்லாத பேதம் மரணத்தில் இருக்கின்றது. செல்வந்த நாட்டுக் குழந்தை இரண்டு நாட்கள் வைத்தியசாலையில் சேலைன் ஏற்றப்பட்டு வீடு திரும்புகின்றது. வறிய கிராமத்துக் குழந்தையோ வைத்தியசாலையை அடைவதற்கு முன்னரே உடலின் நீரை இழந்து உயிரை விடுகின்றது.

நம் நாட்டில் 'ஜீவனி' என்ற பெயரில் தாய்மார் நன்கறிந்த வாய்வழி நீரேற்றக் கரைசல் உலகெங்கும் பல இலட்சம் குழந்தைகளைக் காப்பாற்றியுள்ளது. ஆயினும் ஓயாது வாந்தியெடுக்கும் குழந்தைக்கு அதனைப் பருகக் கொடுப்பது இலகுவானதல்ல. தடுப்பு மருந்தின் தேவை இங்குதான் எழுந்தது. தடுப்பு மருந்து அறிமுகமாவதற்கு முற்பட்ட காலத்தில், இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்து வயதிற்குட்பட்ட ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இந்நோயினால் உயிரிழந்தனர் எனவும், ஏறத்தாழ 872,000 குழந்தைகள் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர் எனவும் 2014ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகின்றது.

நோயுறாத சிசுக்கள்

1980களின் நடுப்பகுதியில் புதுடில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றிய மகாராஜ் கிஷன் பான் என்பவரும் அவரது சகாக்களும், புதிதாகப் பிறந்த சிசுக்கள் பராமரிக்கப்படும் விடுதியில் விசித்திரமானதொன்றை அவதானித்தனர். சிசுக்கள் பலரின் மலத்தில் ரொட்டா வைரஸ் காணப்பட்டது. ஆனால் அவர்களுக்கு வயிற்றோட்டம் ஏற்படவில்லை. அதைவிட முக்கியமாக, அச்சிசுக்கள் வளர்ந்த பின்னர் கடுமையான ரொட்டா வைரஸ் வயிற்றோட்டத்திலிருந்து பெருமளவு பாதுகாக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது.

இயற்கை தானாகவே பலவீனப்படுத்தி வைத்திருந்த கிருமியே அது என்பது பின்னர் தெளிவாகியது. ரொட்டா வைரஸின் மரபுப் பொருள் 11 துண்டுகளைக் கொண்டது. டில்லிச் சிசுக்களிடமிருந்து பெறப்பட்டு 116ஈ எனப் பெயரிடப்பட்ட வகையில், 10 துண்டுகள் மனித வைரஸுக்கும் ஒரு துண்டு மாட்டின் வைரஸுக்கும் உரியனவாக இருந்தன. ஆய்வுகூடத்தில் எவரும் செய்த கலப்பு அல்ல இது. இயற்கையில் நிகழ்ந்த கலப்பு. இதே காலப்பகுதியில் பங்களூரில் இந்திய விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த துர்கா ராவ் குழுவினரும் சிசுக்களிடமிருந்து ஐ-321 என்ற மற்றொரு வகையினைப் பிரித்தெடுத்திருந்தனர். ஆக, இந்தியக் குழந்தைகளிடமிருந்தே இந்தியக் குழந்தைகளுக்கான மருந்து கிடைக்கக்கூடும் என்ற எண்ணம் பிறந்தது.

இந்த எண்ணத்தை மருந்தாக்குவதற்கு ஒரு வைத்தியரின் ஆர்வம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டு இந்தியாவும் ஐக்கிய அமெரிக்காவும் தடுப்பு மருந்து ஆராய்ச்சிக்கான கூட்டுத் திட்டமொன்றில் கைச்சாத்திட்டன. இந்தியாவின் சார்பில் அதற்குப் பொறுப்பாக இருந்தது உயிரியல் தொழில்நுட்பத் திணைக்களமாகும். இந்தியக் குழந்தைகள் அந்நிய நாட்டின் பரிசோதனை எலிகளாக்கப்படுவர் என்ற கண்டனம் அந்நாட்களில் பத்திரிகைகளில் வலுவாக எழுந்தது. அந்த ஐயம் அடிப்படையற்றது எனத் தள்ளிவிடக் கூடியதன்று. ஆயினும் டில்லிச் சிசுக்களின் வைரஸை ஆய்வுகூடத்தில் வளர்த்து, தூய்மைப்படுத்தி, மனிதருக்குக் கொடுக்கத்தக்கதாக்குவதற்கு அன்று தேவைப்பட்ட வசதிகள் பல அமெரிக்க ஆய்வுகூடங்களிலேயே இருந்தன என்பதும் உண்மையாகும். ரொஜர் கிளாஸ், ஹரி கிரீன்பேர்க் முதலான அமெரிக்க விஞ்ஞானிகள் பல தசாப்தங்கள் இம்முயற்சியுடன் இணைந்திருந்தனர்.

ஒரு மருந்தின் வீழ்ச்சி தந்த பாடம்

இம்முயற்சி நடந்து கொண்டிருக்கையிலேயே, 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ரொட்டாஷீல்ட்' என்ற முதலாவது ரொட்டா வைரஸ் தடுப்பு மருந்து அனுமதி பெற்றது. ஓராண்டு கழிந்து சில மாதங்களுக்குள்ளேயே, 1999 ஒக்டோபரில், அது மீளப் பெறப்பட்டது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்தான நிலை, ஏறத்தாழ 10,000 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் அம்மருந்தினால் ஏற்பட்டமையே காரணமாகும்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை அந்த முடிவு நியாயமானதே. அங்கு இந்நோயால் இறக்கும் குழந்தைகள் மிகச் சிலர். ஆனால் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளைப் பறிகொடுக்கும் நாடுகளில் அந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும். எனினும் செல்வந்த நாடு ஒதுக்கிய மருந்தை வறிய நாட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு எந்தச் சுகாதார அமைச்சரும் முன்வரமாட்டார். இதனால் அம்மருந்து எங்குமே பயன்படாமற் போயிற்று. அடுத்த மருந்துகளான 'ரொட்டாரிக்ஸ்', 'ரொட்டாடெக்' ஆகியவை 60,000க்கும் அதிகமான குழந்தைகளிடம் தனித்தனியே பரிசோதிக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்தன. அவற்றின் விலையோ இந்தியா போன்ற நாடொன்றின் இலவச நோய்த்தடுப்புத் திட்டத்துக்குக் கட்டுப்படியாகாததாக இருந்தது.

இந்த இடத்திலேயே அரச திணைக்களத்தின் பங்கு தெளிவாகத் தெரிகின்றது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பாரத் பயோடெக் நிறுவனத்துடன் 2000களின் தொடக்கத்தில் கூட்டு ஏற்படுத்தப்பட்டபோது, மருந்தின் விலை ஒரு வேளைக்கு 1 டொலர் என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அடிப்படை உடன்பாடாக அமைந்தது. திணைக்களத்தின் நிதி, பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் நிதி, நோர்வே ஆராய்ச்சிச் சபையின் உதவி, 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு, நிறுவனத்தின் சொந்த முதலீடு என்பன ஒன்று சேர்ந்தன. ஆராய்ச்சியின் ஆபத்தை அரசும் கொடையாளர்களும் பகிர்ந்து கொண்டதனாலேயே, மருந்து வெளிவருவதற்கு முன்னரே அதன் விலையைப் பற்றிப் பேசக் கூடியதாக இருந்தது. மருந்து வெளிவந்த பின்னர் விலைக்காக மன்றாடும் நாடுகளின் நிலையுடன் ஒப்பிட்டால் இதன் பெறுமதி புரியும்.

முதற்கட்டப் பரிசோதனைகளில் பங்களூரின் ஐ-321 போதிய நோயெதிர்ப்பைத் தூண்டவில்லை. அது கைவிடப்பட்டது. டில்லியின் 116ஈ தொடர்ந்தது. 2004ஆம் ஆண்டு தொடக்கம் 2012 வரை பான் அவர்களே திணைக்களத்தின் செயலாளராகப் பதவி வகித்தமையும் இத்திட்டத்தின் தொடர்ச்சிக்கு உதவியது எனலாம். ஆட்சிகள் மாறின; அமைச்சர்கள் மாறினர்; திட்டம் கைவிடப்படவில்லை.

பாதி வெற்றி தோல்வியாகுமா?

2011 மார்ச் மாதம் தொடங்கிய மூன்றாங்கட்டப் பரிசோதனை டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடத்தப்பட்டது. இலங்கையர் பலர் சிகிச்சைக்காகச் சென்று வரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவற்றுள் ஒன்றாகும். மொத்தம் 6,799 குழந்தைகள் பங்குபற்றினர். அவர்களுள் 4,532 பேருக்கு மருந்தும் 2,267 பேருக்கு மருந்தற்ற சொட்டுகளும் வழங்கப்பட்டன. முதலாவது வயதில் கடுமையான ரொட்டா வைரஸ் வயிற்றோட்டத்தை இம்மருந்து ஏறத்தாழ 56 சதவீதம் தடுத்தது என 2013 மே மாதம் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது வயதில் இது ஏறத்தாழ 49 சதவீதமாக இருந்தது.

செல்வந்த நாடுகளில் 85 சதவீதத்துக்கும் அதிகமான பாதுகாப்பைத் தந்த அந்நிய மருந்துகள் இருக்கையில், பாதியளவே பயன்தரும் மருந்தொன்றினை முப்பது ஆண்டுகள் செலவிட்டு உருவாக்க வேண்டுமா என்ற வினா இயல்பாகவே எழுந்தது. ஆனால் அந்த அந்நிய மருந்துகளும் வறிய நாடுகளில் அதே பலனைத் தரவில்லை. ரொட்டாரிக்ஸ் மலாவியில் ஏறத்தாழ 49 சதவீதப் பாதுகாப்பையே வழங்கியது. ரொட்டாடெக் பங்களாதேஷ், வியட்நாம் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 48 சதவீதப் பாதுகாப்பை வழங்கியது.

இதற்கான காரணத்தைக் கண்டறிவதில் வேலூர் ஆய்வாளர்களின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. பேராசிரியை ககன்தீப் காங் குழுவினர் வேலூரின் வறிய குடியிருப்புகளில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை அவதானித்து, 2011ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டனர். மெக்சிக்கோவில் முன்னர் நடந்த ஆய்வொன்றில், இரண்டு தடவை இயற்கையாகத் தொற்றுக்குள்ளான குழந்தைக்குக் கடுமையான நோய் மீண்டும் ஏற்படவில்லை. வேலூரிலோ மூன்று தடவை தொற்றுக்குள்ளான பின்னரும் 79 சதவீதப் பாதுகாப்பே கிடைத்திருந்தது. இயற்கையான தொற்றே முழுமையான பாதுகாப்பைத் தராத சூழலில், தடுப்பு மருந்திடம் அதனை எதிர்பார்க்க முடியாது. போசாக்கின்மை, குடலில் ஓயாது குடியிருக்கும் பிற கிருமிகள், சமகாலத்தில் வழங்கப்படும் போலியோ சொட்டு மருந்து, தாய்ப்பாலின் மூலம் வரும் பிறபொருளெதிரிகள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருளல்ல. குழந்தைக்குத் தாய்ப்பாலை விடச் சிறந்த காவல் வேறில்லை.

ஆகவே சதவீதத்தைத் தனியாக நோக்குவது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். நோய் அரிதான நாட்டில் 90 சதவீதப் பாதுகாப்பு காப்பாற்றும் உயிர்களை விட, நோய் மலிந்த நாட்டில் 50 சதவீதப் பாதுகாப்பு காப்பாற்றும் உயிர்கள் பன்மடங்காகும். 872,000 வைத்தியசாலை அனுமதிகள் பாதியாகக் குறையுமாயின், நான்கு இலட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் நாட்கூலியை இழந்து வைத்தியசாலை வாசலில் காத்திருக்க வேண்டிய நிலை தவிர்க்கப்படும். வைத்தியச் செலவிற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களுக்கே இந்தக் கணக்கின் பொருள் முழுமையாக விளங்கும்.

மறைக்கப்பட்டதாகக் கூறப்பட்ட தரவுகள்

இவ்வரலாற்றில் பாராட்டுக்குரியவை மட்டுமே உள்ளன என்று கூறிவிட முடியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2009ஆம் ஆண்டிலேயே எல்லா நாடுகளும் ரொட்டா வைரஸ் தடுப்பு மருந்தைத் தமது தேசியத் திட்டங்களில் சேர்க்க வேண்டும் எனப் பரிந்துரைத்திருந்தது. அவ்வாறிருக்க, 2011இல் தொடங்கிய பரிசோதனையில் 2,267 குழந்தைகளுக்கு மருந்தற்ற சொட்டுகளைக் கொடுத்தது நீதியா என்று மருத்துவ ஒழுக்கவியலாளர்கள் சிலர் கேட்டனர். அம்மருந்துகள் அன்று இந்திய அரசின் திட்டத்தில் இருக்கவில்லை. பங்குபற்றிய குழந்தைகள் யாவருக்கும் உடனடிச் சிகிச்சை கிடைத்தது என்பது ஏற்பாட்டாளர்களின் பதிலாக இருந்தது. இந்தப் பதில் பலரைத் திருப்திப்படுத்தியது. எல்லோரையும் அல்ல.

இரண்டாவது சர்ச்சை இதனினும் பாரதூரமானது. குடல் செருகல் பற்றிய தரவுகளை, குறிப்பாக மிக நுணுக்கமான கண்காணிப்பு இடம்பெற்ற வேலூர் நிலையத்தின் தரவுகளை, நிலையம் வாரியாகப் பிரித்து வெளியிடுமாறு சுகாதார ஆர்வலர்களும் குழந்தை மருத்துவர்கள் சிலரும் கோரினர். மூன்று நிலையங்களின் தரவுகளையும் ஒன்று சேர்த்தே நோக்க வேண்டும், தனியாகப் பிரித்தால் பிழையான முடிவு ஏற்படும் என ஆய்வாளர்கள் மறுத்தனர். பிரச்சினை டில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது.

விஞ்ஞான ரீதியில் ஆய்வாளர்களின் வாதத்தில் நியாயம் இருந்திருக்கலாம். சிறிய எண்ணிக்கைகளைத் துண்டு துண்டாகப் பிரிப்பது தவறான அச்சத்தை ஏற்படுத்தும் என்பது புள்ளிவிபரவியலின் பாலபாடமாகும். ஆனால் பொதுப் பணத்தில், பொதுமக்களின் குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் தரவுகள் மக்களுக்கே உரியன. விளக்கத்துடன் அவற்றை வெளியிட்டிருந்தால் எழும் ஐயத்தை விட, வெளியிட மறுத்ததனால் எழுந்த ஐயம் பெரியது. தடுப்பு மருந்து ஒன்றின் வெற்றி, கைக்குழந்தையுடன் வரிசையில் நிற்கும் தாயின் நம்பிக்கையிலேயே தங்கியுள்ளது.

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது பின்னர் வந்த ஆய்வுகளாகும். 2016 முதல் 2019 வரை இந்தியா முழுவதிலுமுள்ள 27 வைத்தியசாலைகளில் குடல் செருகலுக்குள்ளான குழந்தைகளை அவதானித்த ஆய்வொன்று 2020ஆம் ஆண்டு வெளியாயிற்று. இம்மருந்துக்கும் குடல் செருகலுக்கும் இடையில் தொடர்பு எதுவும் காணப்படவில்லை என அது முடிவு செய்தது. ஐயம் எழுப்பியவர்களைப் பகைவர்களாகக் கருதாது, அவர்களின் கேள்விக்கு விடை தேடியமையே இங்கு பயன் தந்தது.

கிராமத்துக்கும் கடல் கடந்தும்

2015 மார்ச் மாதம் பிரதமர் நரேந்திர மோடி மருந்தை அறிமுகப்படுத்தினார். 2016 மார்ச் மாதம் ஆந்திரப் பிரதேசம், ஹரியானா, ஹிமாச்சலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் ரொட்டா வைரஸ் தடுப்பு மருந்து இலவச நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2017இல் தமிழகமும் இணைந்தது. 2019ஆம் ஆண்டில் திட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆறு, பத்து, பதினான்கு வார வயதுகளில் மூன்று வேளை மருந்து வழங்கப்படுகின்றது. புனேயிலுள்ள சீரம் நிறுவனத்தின் 'ரொட்டாசில்' என்ற மருந்தும் பின்னர் இத்திட்டத்தில் இணைந்தது. இரண்டு உள்நாட்டு மருந்துகள் கிடைத்தமை விலையையும் விநியோகத்தையும் உறுதிப்படுத்தியது.

பரிசோதனைக் காலத்தில் கிடைத்த பலன் கிராமத்து வைத்தியசாலையிலும் கிடைக்குமா என்பதே தடுப்பு மருந்துகளின் உண்மையான சோதனையாகும். 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தந்துள்ளது. ஒன்பது மாநிலங்களில் 31 வைத்தியசாலைகளில் 2016 முதல் 2020 வரை சேகரிக்கப்பட்ட தகவல்களின்படி, கடுமையான ரொட்டா வைரஸ் வயிற்றோட்டத்துக்கு எதிரான பாதுகாப்பு ஏறத்தாழ 54 சதவீதமாக இருந்தது. வயிற்றோட்டத்தால் அனுமதிக்கப்பட்ட குழந்தைகளுள் ரொட்டா வைரஸ் காணப்பட்டோரின் பங்கு ஏறத்தாழ 40 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருந்தது. பரிசோதனையில் கூறப்பட்டதும் நடைமுறையில் கிடைத்ததும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தமை அரிதானதொரு பெறுபேறாகும்.

2018 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் முன்தகுதிச் சான்று கிடைத்ததையடுத்து, மருந்து கடல் கடந்து சென்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் பலஸ்தீனம் தனது குழந்தைகளுக்கான திட்டத்தில் ரொட்டாரிக்ஸுக்குப் பதிலாக ரொட்டாவெக்கினைச் சேர்த்துக்கொண்டது. பெனின், கானா, நைஜீரியா ஆகிய ஆபிரிக்க நாடுகளும் பின்னர் இம்மருந்தைப் பயன்படுத்தின. டில்லியின் மகப்பேற்று விடுதியொன்றில் பெறப்பட்ட கிருமி, காசாவின் குழந்தைகளுக்குக் காவலாக அமைந்தமை எந்த ஆண்டறிக்கையின் அட்டவணைக்குள்ளும் அடங்காத பெறுபேறாகும். அதேவேளை, 2023 ஒக்டோபருக்குப் பின்னரான யுத்தத்தில் காசாவின் குடிநீர், சுகாதாரக் கட்டமைப்புகள் சிதைக்கப்பட்டமையையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். எந்தத் தடுப்பு மருந்தும் தூய நீருக்கும் சமாதானத்துக்கும் ஈடாகாது.

ஏனையவற்றின் நிலை

திணைக்களத்தின் எல்லா முயற்சிகளும் இவ்வாறு முடியவில்லை. தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவகத்தின் நிறுவுனர் பேராசிரியர் தல்வார் உருவாக்கிய தொழுநோய்த் தடுப்பு மருந்து 1990களிலேயே அனுமதி பெற்றது. ஆயினும் பீஹார், குஜராத் மாநிலங்களின் சில மாவட்டங்களில் அதனை முன்னோடித் திட்டமாகப் பயன்படுத்துவது பற்றிய அறிவிப்பு 2016ஆம் ஆண்டிலேயே வந்தது. திணைக்களத்தின் நிதியுதவியுடன் டில்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான மரபணு மாற்றக் கடுகு 2022 ஒக்டோபரில் அனுமதி பெற்ற போதிலும், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் இருவரும் அது குறித்து மாறுபட்ட தீர்ப்பினை வழங்கினர். உலகின் முதலாவது மனிதப் பாவனைக்கான டி.என்.ஏ. தடுப்பு மருந்து என்ற பெருமையுடன் 2021 ஆகஸ்டில் அவசர அனுமதி பெற்ற கொரோனாத் தடுப்பு மருந்தான 'சைகோவ்-டி' மிகக் குறைந்த அளவிலேயே மக்களைச் சென்றடைந்தது.

இவை மூன்றும் விஞ்ஞானத்தில் எந்த வகையிலும் தாழ்ந்தவையல்ல. ஆய்வுக் கட்டுரைகளையும் முதன்மைப் பட்டங்களையும் எண்ணினால் ரொட்டாவெக்கினை அவை விஞ்சக்கூடும். எனினும் கண்டுபிடிப்புக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவற்றால் முழுமையாகக் கடக்க முடியவில்லை. யாருக்காக, என்ன விலையில், எந்த வழியால் என்ற வினாக்களை ஆரம்பத்திலேயே கேட்டதும், விடை கிடைக்கும் வரை ஒரே பணியில் நிலைத்து நின்றதும் ரொட்டாவெக்கின் வெற்றிக்கு அடிப்படையாகின.

2020ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியர்களின் மரபணுத் தொகுதி ஆய்வு, 10,000 பேரின் மரபணுத் தரவுகளை 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதிலிருந்து யாருக்குப் பயன் கிடைக்கும், எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை இன்று எவராலும் கூற முடியாது. 1986இல் டில்லி விடுதியிலிருந்த சிசுக்களைப் பற்றியும் எவராலும் அவ்வாறு கூறியிருக்க முடியாது.

மகாராஜ் கிஷன் பான் 2020 ஜனவரி 26ஆம் திகதி காலமானார். தாம் கண்ட கிருமி நாடு முழுவதற்குமான மருந்தாகியதைப் பார்த்த பின்னரே அவர் மறைந்தார் என்பது ஆறுதலானது. ஐந்தாண்டுகளுக்கு ஒரு தடவை தேர்தலை எதிர்நோக்கும் அரசாங்கங்களுக்கு முப்பது ஆண்டுப் பொறுமையைக் கற்பிப்பது கடினமே. ஆயினும் அந்தப் பொறுமைக்கு நிதி ஒதுக்குவதும், அதன் தரவுகளை மக்கள் முன் வைப்பதும், விளைந்த பயனை வறியவருக்கு எட்டும் விலையில் கொடுப்பதும் அரசின் கடமைகளாகும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆராய்ச்சி அட்டவணையோடு நின்றுவிடும்.